அந்தே குத்தகை (அரநாயக்க, கேகாலை மாவட்டம்)

நெல்வயலின் சொந்தக்காரரும் அதை உழுபவரும் விளைச்சலைப் பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்ளும் சிங்கள வழக்கமே 'அந்தே'. அரநாயக்கவில் பள்ளத்தில் வயல், மேட்டில் தேயிலையும் றப்பரும். குத்தகைச் சட்டங்கள் பள்ளத்தோடு நின்றுகொண்டன.

கண்டி அரசர் காலத்தில் பிரபுக்களுக்கு விடப்பட்ட ஊர் 'நிந்தகம்'. அங்கே குடிகள் நெல் அளக்கவில்லை, ஊழியம் செய்தார்கள்: பிரபுவின் 'முத்தெட்டு' வயலை உழுதார்கள், சுமை தூக்கினார்கள். 1832இல் அரசுக்கான கட்டாய ஊழியமான இராஜகாரியம் ஒழிந்தபோதும் நிந்தக ஊழியமும் விகாரை நில ஊழியமும் தொடர்ந்தன. 1870ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், பரம்பரையாக நிலம் வைத்திருந்த பரவேணிக் குடிகள் ஊழியத்துக்குப் பதில் பணம் கட்ட வழிசெய்தது. நிந்தக ஊழியத்தை ஒழிக்க 1968ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது.

அந்தேயில் உழுபவர் சொந்தக்காரருக்கு அளக்கும் பங்கான வாரத்துக்கு நாடு தழுவிய வரம்பு கட்டியது 1958ஆம் ஆண்டின் முதலாம் இலக்க நெற்காணிச் சட்டம். விவசாய அமைச்சர் பிலிப் குணவர்தன கொண்டுவந்தது. வாரம் விளைச்சலில் காற்பங்கு அல்லது ஏக்கருக்கு 12 புசல், எது குறைவோ அது. ஏக்கருக்கு 40 புசல் கண்ட வயலில் அந்தேப்படி 20 புசல் அளந்தவர், இனி 10 அளந்தால் போதும். 60 புசல் விளைந்தாலும் 12க்கு மேல் இல்லை. குத்தகை உரிமை பிள்ளைக்கும் போகும்.

தாளில் நல்ல கணக்குதான். ஆனால் உழுதவனிடம் எழுத்து ஏது? "இவன் குத்தகைக்காரன் இல்லை, கூலிக்கு உழுதவன்" என்று சொந்தக்காரர் சொன்னால் மறுக்கச் சாட்சி வேண்டும். சாட்சி சொல்ல வேண்டிய அயலவரும் அவரிடமே விதைநெல்லுக்குக் கடன்பட்டிருப்பார். பலர் வயலை இழந்தார்கள். வயலைக் காத்துக்கொண்டவர்களிலும் பலர் களத்தில் வாய்திறக்காமல் பாதியையே அளந்தார்கள். அமைச்சரவைக்குள்ளேயே எதிர்ப்பைச் சந்தித்த குணவர்தன 1959இல் பதவி விலகினார். அதன்பின் 1973, 1979, 2000 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முந்தையதைப் பதிலீடு செய்தன.

மேட்டின் கதை வேறு. 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு நெற்காணியில் 25 ஏக்கர், பிற காணியில் 50 ஏக்கர் என உச்சவரம்பு வைத்தது; 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. தோட்டங்கள் கைமாறிய அந்த ஆண்டுகளில் மலையகத் தமிழ்த் தொழிலாளர் பலர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களைக் குத்தகைக்காரர் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அவர்கள் குடியிருந்த லயக் காம்பரா வேலையோடு ஒட்டியது. வேலைப் பதிவில் பெயர் வெட்டினால் காம்பராவும் போகும்.