ஒரு காணொளியைப் பல கணினிகள் பங்கிடும்போது

இணையத்தில் ஏற்றப்படும் ஒரு காணொளி, பார்வையாளரின் திரையை அடைவதற்கு முன்பு பல துண்டுகளாக வெட்டப்படுகிறது. அத்துண்டுகள் வலையமைப்பில் இணைந்துள்ள வெவ்வேறு கணினிகளில் ஒரே நேரத்தில் குறியாக்கம் செய்யப்பட்டு, பின்னர் மீண்டும் ஒன்றாக இணைக்கப்படுகின்றன.

பகிர்முறைக் குறியாக்கம் எனப்படும் இந்த ஏற்பாடு இல்லாமல் பெரிய காணொளிச் சேவைகள் இயங்குவது கடினம். யூடியூப் தளத்தில் மட்டும் நிமிடத்துக்கு 500 மணி நேரத்துக்கும் அதிகமான காணொளிகள் ஏற்றப்படுவதாக 2019ஆம் ஆண்டில் தெரிவிக்கப்பட்டது.

சுருக்கம் ஏன் தேவை?

1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட, நொடிக்கு 25 சட்டகங்கள் ஓடும் ஒரு காணொளியைச் சுருக்காமல் சேமித்தால், ஒரு நொடிக்குச் சுமார் 155 மெகாபைட் இடம் தேவைப்படும். இரண்டு மணி நேரத் திரைப்படம் ஒன்று 1.1 டெராபைட்டைத் தாண்டிவிடும்.

2003இல் வெளியான எச்.264 போன்ற தரநிலைகள் இந்த அளவைப் பெருமளவு குறைக்கின்றன. முதன்மைச் சட்டகம் ஒன்று முழுமையாகப் பதிவு செய்யப்படுகிறது. அதைத் தொடரும் சட்டகங்களில், மாறிய பகுதிகள் பற்றிய விவரமே பெரும்பாலும் பதிவாகிறது. எந்தப் பகுதி எங்கே நகர்ந்தது என்று தேடுவதற்குத்தான் கணினி மிக அதிக நேரத்தைச் செலவிடுகிறது. அதே காணொளியைக் கைபேசிக்கும் தொலைக்காட்சிக்கும் ஏற்றவாறு பல அளவுகளில் உருவாக்க வேண்டியிருப்பதால் வேலை மேலும் பெருகுகிறது.

எங்கே வெட்டுவது?

ஒரு சட்டகம் மற்றொன்றைச் சார்ந்திருப்பதால், காணொளியை நினைத்த இடத்தில் வெட்ட முடியாது. ஒவ்வொரு துண்டும் முதன்மைச் சட்டகத்தில் தொடங்கி, வேறு துண்டைச் சாராமல் நிற்க வேண்டும். துண்டுகள் மிகச் சிறியவையாக இருந்தால் முதன்மைச் சட்டகங்கள் கூடி, கோப்பின் அளவு வளரும். மிகப் பெரியவையாக இருந்தால் சில கணினிகளுக்கு வேலையே இருக்காது.

தரத்தைச் சீராக வைத்திருப்பது மற்றொரு சிக்கல். சண்டைக் காட்சி உள்ள துண்டைப் பெற்ற கணினிக்கு, அமைதியான காட்சி உள்ள துண்டைப் பற்றி எதுவும் தெரியாது. இரண்டுக்கும் ஒரே அளவு தரவு ஒதுக்கினால், இணைப்பு இடங்களில் படத்தின் தரம் திடீரென மாறுவது கண்ணுக்குத் தெரியும். எனவே முதல் சுற்றில் முழுக் காணொளியும் ஆராயப்பட்டு, இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு துண்டுக்கும் உரிய பங்கு வழங்கப்படுவது உண்டு. ஒலியை வெட்டி ஒட்டினால் இணைப்புகளில் இடறல் கேட்கக்கூடும். அதைக் குறியாக்கம் செய்வதும் எளிது என்பதால், ஒலியைத் தனியாக, முழுமையாகக் கையாள்வது வழக்கம்.

வேகத்துக்கும் எல்லை உண்டு

கணினிகளை இரட்டிப்பாக்கினால் நேரம் பாதியாகிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு பணியில் பகிர முடியாத பகுதி 10 சதவீதம் இருந்தால், எத்தனை கணினிகளைச் சேர்த்தாலும் வேகம் 10 மடங்கைத் தாண்டாது. ஜீன் அம்டால் 1967இல் முன்வைத்த வாதத்திலிருந்து பிறந்த விதி இது. காணொளியை வெட்டுவதும் இணைப்பதும் இத்தகைய பகுதிகள்.

தாமதமாகும் ஒரே ஒரு கணினி முழுப் பணியையும் நிறுத்தி வைக்கலாம். பகிர்முறைக் கணிப்பு குறித்து கூகுள் பொறியாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்கு ஒரு தீர்வைக் கூறியது. பணி முடியும் தறுவாயில், எஞ்சியுள்ள வேலையை வேறொரு கணினியிடமும் கொடுத்து, எது முதலில் முடிக்கிறதோ அதை ஏற்பதே அந்தத் தீர்வு.

பெரு நிறுவனங்களின் பாதை

ஃபேஸ்புக் நிறுவனம் தனது பகிர்முறை அமைப்பு பற்றிய விவரங்களை 2017இல் வெளியிட்டது. காணொளி முழுவதும் வந்து சேரும்வரை காத்திராமல், வந்த துண்டுகளை உடனே கையாளும் முறை அதில் உள்ளது. பழைய அமைப்புடன் ஒப்பிடுகையில், ஏற்றம் முடிந்தபின் காத்திருக்கும் நேரம் 2.3 முதல் 9.3 மடங்குவரை குறைந்ததாக அந்நிறுவனம் தெரிவித்தது.

நெட்ஃபிளிக்ஸ், பார்வையாளர்கள் குறைவாக உள்ள நேரங்களில் சும்மா இருக்கும் வாடகைக் கணினிகளைக் குறியாக்கத்துக்குப் பயன்படுத்தும் முறையை 2015இல் விளக்கியது. ஒவ்வொரு படத்தையும் பல அளவுகளில் சோதித்து, அதற்கேற்ற தரவு வேகத்தைத் தீர்மானிக்கும் முறையையும் அதே ஆண்டில் அறிவித்தது. கூகுளோ 2021இல், யூடியூபுக்கெனத் தானே வடிவமைத்த குறியாக்கச் சில்லுகளை அறிமுகப்படுத்தியது. அவை முந்தைய அமைப்பைவிட 20 முதல் 33 மடங்கு திறன் கொண்டவை என்று கூறியது.

சிறிய அமைப்புகளின் நிலை

இங்குதான் ஏற்றத்தாழ்வு தெரிகிறது. 2018இல் வெளியான ஏவி1 தரநிலைக்கு உரிமத் தொகை கேட்கப்படுவதில்லை என்று அதை உருவாக்கிய கூட்டமைப்பு அறிவித்தது. எச்.264ஐவிடக் குறைந்த தரவில் அதே தரத்தை அது தருவதால், மெதுவான இணைப்பு உள்ளவர்களுக்கே அதிகப் பயன். ஆனால் குறியாக்கத்துக்கு அது அதிகக் கணினி ஆற்றலைக் கோருகிறது. எனவே ஏராளமான கணினிகள் உள்ளவர்களே அதன் பலனை முதலில் எட்டுகிறார்கள்.

சிறிய ஒளிபரப்பாளர்களுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் வழியே இல்லை என்பதல்ல. ஃபாப்ரிஸ் பெல்லார் 2000இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள், காணொளியை வெட்டவும் குறியாக்கவும் இணைக்கவும் வல்லது. ஒரு பொதுச் சேமிப்பகமும் சில சாதாரணக் கணினிகளும் இருந்தால், இரவில் ஓய்ந்திருக்கும் அலுவலகக் கணினிகளே ஒரு சிறு கூட்டமாக இயங்க முடியும்.

ஆயினும் காப்பகங்களின் முதல் தடை வேறு இடத்தில் உள்ளது. ஒரு மணி நேர ஒளிநாடாவைக் கணினிக்கு மாற்ற, வழமையாக ஒரு மணி நேரம் அதை ஓடவிட வேண்டும். எத்தனை கணினிகளைச் சேர்த்தாலும் அந்த நேரம் குறைவதில்லை. நாடாக்களோ காலப்போக்கில் சிதைகின்றன. தாமதமாகும் குறியாக்கத்தைப் பின்னர் ஈடுசெய்யலாம். சிதைந்துபோன நாடாவை எந்தக் கணினிக் கூட்டத்தாலும் மீட்க முடியாது.