குருக்கள் இல்லாத வீடுகளில் ஒலித்த செபம்



தினமும் செபிக்க வேண்டும் என்று நாம் எல்லோருமே விரும்புகிறோம். ஆனால் காலையில் வேலைக்கும் பள்ளிக்கும் ஓட்டம், இரவில் களைப்பு. ஞாயிறு திருப்பலிக்குப் போகிறோமே, அது போதும் என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். அந்த ஞாயிறு திருப்பலியும் இல்லாமல் போனால், நம் வீட்டில் விசுவாசம் எத்தனை நாள் நிலைக்கும்? இந்தக் கேள்விக்குத் தங்கள் வாழ்வால் பதில் சொன்ன மக்களை இன்று நினைவுகூர்வோம்.

நம் முத்துக்குளித்துறை ஊர்களில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழிலேயே செபங்களைக் கற்றுக்கொடுத்தவர் புனித சவேரியார். அவரே 1549 ஆகஸ்டு 15 அன்று ஜப்பானின் ககோஷிமாவில் கரையிறங்கினார். அவர் விதைத்த விதை விரைவில் பெருகியது. ஆனால் 1614-இல் நாடு முழுவதும் கிறிஸ்தவ மறை தடைசெய்யப்பட்டது. ஆலயங்கள் இடிக்கப்பட்டன, குருக்கள் நாடுகடத்தப்பட்டார்கள். மறைந்திருந்து பணிசெய்தவர்கள் பிடிபட்டு மறைசாட்சிகள் ஆனார்கள். 1644-இல் கடைசிக் குருவும் கொல்லப்பட்டார். அதன்பின் திருப்பலி இல்லை. பாவசங்கீர்த்தனம் கேட்க ஆள் இல்லை.

எஞ்சியவை மனப்பாடமாக இருந்த செபங்கள் மட்டுமே. நாகசாகியை அடுத்த உரகாமியில், ஏழை விவசாயிகள் பொறுப்புகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் திருநாள்களையும் நோன்பு நாள்களையும் கணக்கிட்டுக் காத்தார். ஒருவர் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தார். இன்னொருவர் வீடு வீடாகச் செய்தி சொன்னார். பெற்றோர் தாழ்ந்த குரலில் செபம் சொல்ல, பிள்ளைகள் கேட்டுக் கேட்டு மனத்தில் பதித்தார்கள். காலப்போக்கில் லத்தீன் சொற்கள் திரிந்தன. பல சொற்களின் பொருளும் மறந்துபோயிற்று. சொல்லும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை.

ஆண்டுதோறும் அதிகாரிகள், ஆண்டவர் அல்லது அன்னையின் உருவம் பதித்த பலகையை மிதிக்கச் சொன்னார்கள். உயிருக்கு அஞ்சி மிதித்தவர்கள், வீட்டுக்கு வந்து மனஸ்தாப மந்திரம் சொல்லி இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார்கள். அவர்கள் வீரர்கள் அல்லர். நம்மைப் போல் அச்சமும் பலவீனமும் உள்ளவர்கள். விழுந்தாலும் செபத்தை விடவில்லை.

1865 மார்ச் 17, வெள்ளிக்கிழமை. நாகசாகியின் ஔரா பகுதியில், வெளிநாட்டவருக்காகப் புதிதாகக் கட்டப்பட்ட ஆலயத்துக்கு உரகாமியிலிருந்து ஏறக்குறைய பதினைந்து பேர் வந்தார்கள். செபித்துக்கொண்டிருந்த பிரெஞ்சுக் குரு பெட்டிஜானை ஒரு பெண் நெருங்கி, தங்கள் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றே என்று மெல்லச் சொன்னார். மரியன்னையின் சுரூபம் எங்கே என்றும் கேட்டார்கள். அது துக்க காலத்தின் பதினேழாம் நாள் என்றும் சொன்னார்கள். அந்த ஆண்டு திருநீற்றுப் புதன் மார்ச் 1. எண்ணிப் பாருங்கள்: தவக்காலத்தின் பதினேழாம் நாளேதான்! இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் குருவைக் காணாத மக்கள், ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

துன்பம் அதோடு தீரவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் உரகாமி மக்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊரைவிட்டு நாட்டின் பல பகுதிகளுக்குக் கடத்தப்பட்டார்கள். 1873-இல்தான் தடை விலகியது.

அன்பார்ந்தவர்களே, பதினேழாம் நாளைச் சரியாகச் சொல்ல வேண்டுமானால், அதற்கு முந்தைய ஒவ்வொரு நாளையும் விடாமல் எண்ணியிருக்க வேண்டும். செபப் பழக்கமும் அப்படித்தான். ஒரே நாளில் பெரிதாகத் தொடங்கி மறுவாரம் கைவிடுவதைவிட, ஒரு செபத்தை, ஒரு குறித்த நேரத்தில், தினமும் சொல்வோம். மனம் ஒன்றாத நாளிலும் சொல்வோம். பிள்ளைகள் காதில் விழும்படி சொல்வோம். ஒரு நாள் தவறினால், மனம் வருந்தி மறுநாள் தொடர்வோம்.

ஆலயக் கதவுகள் நமக்குத் திறந்தே இருக்கின்றன. நம் வீட்டின் செபமும் இன்றிரவே தொடங்கட்டும். ஆமென்.