தகரக் கோப்பையும் வெள்ளிப் பதக்கமும்



லப்பைக்குடிக்காட்டில் நின்று பேசும்போது தோஹா எங்கே இருக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. வெள்ளாற்றின் இந்தக் கரையில் எழுந்திருக்கும் பல வீடுகளுக்குப் பின்னால் வளைகுடா வெயிலில் காய்ந்த உழைப்பு இருக்கிறது. அதே தோஹாவுக்கு 2006 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியிலிருந்து ஒரு பெண் ஓடப் போனார். ஆசிய விளையாட்டுப் போட்டியின் 800 மீட்டர் ஓட்டத்தை 2 நிமிடம் 3.16 விநாடியில் முடித்து இரண்டாவதாக வந்தார். மூன்றாவதாக வந்த கஜகஸ்தான் வீராங்கனையைவிட அவர் முந்தியது ஒரு விநாடியில் நூற்றில் மூன்று பங்கு. வெள்ளிப் பதக்கம் கழுத்தில் விழுந்தது. சில நாட்களில் அது பறிக்கப்பட்டது.

சாந்தி சவுந்தரராஜன் என்றால் எல்லோரும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறார்கள். பாலினப் பரிசோதனை, பறிபோன பதக்கம், செங்கல் சூளை என்று மூன்று சொற்களில் அவர் வாழ்க்கை முடிந்துவிடுகிறது. நம் பத்திரிகைகளும் இப்படித்தான் எழுதின. யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ அந்தத் தோழர், நம்மவர்களின் வரலாற்றை எழுதும்போது காயத்திலிருந்து தொடங்காதீர்கள் என்று அடிக்கடி கடிந்துகொள்வார். அவர் பேச்சைக் கேட்டு, இன்று பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குகிறோம்.

சாந்தி 1981இல் பிறந்தவர். பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் என்பதால், பெற்றோர் சூளைக்குப் போன நாட்களில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டது அவர்தான். தாத்தா நல்ல ஓட்டக்காரர். பேத்திக்குப் பதின்மூன்று வயதானபோது ஊர் மண் பாதையில் ஓடக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஒரு ஜோடி ஷூவும் வாங்கித் தந்தார். இந்த ஷூவைச் சாதாரணமாகக் கடந்துபோக நம்மால் முடியாது. ஊர்த் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த தலைமுறைகள் நம் வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அந்தச் சமூகத்தில் ஒரு கிழவர் தன் பேத்தியின் காலுக்கு ஷூ வாங்கினார் என்பதை விளையாட்டுச் செய்தியாக மட்டும் வாசிக்க முடியுமா?

எட்டாம் வகுப்பில் முதல் போட்டி. பரிசு ஒரு தகரக் கோப்பை. அதற்குப் பிறகு பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளில் இன்னும் பதின்மூன்று கோப்பைகள் வந்தன. பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றின் விளையாட்டுப் பயிற்றுநர் கவனித்து அந்தப் பள்ளிக்கு அழைத்துக்கொண்டார். கட்டணத்தைப் பள்ளியே ஏற்றது. சீருடையும் சூடான மதியச் சாப்பாடும் கிடைத்தன. மூன்று வேளையும் சாப்பிட்டது வாழ்க்கையில் அப்போதுதான் முதல்முறை என்று சாந்தி பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

நம் பார்வையில், அவருடைய விளையாட்டு வாழ்க்கையின் மையம் இந்தச் சாப்பாடுதான். தோஹாவைவிட முக்கியமானது என்றுகூடச் சொல்வோம். திறமை, விடாமுயற்சி, தன்னம்பிக்கை என்று மேடைகளில் பேசுகிறவர்கள் சோற்றைப் பற்றிப் பேசுவதில்லை. பசித்த வயிறோடு 800 மீட்டர் ஓட முடியாது. முதல் சுற்றில் எல்லோரும் ஓடிவிடுவார்கள். இரண்டாவது சுற்றின் கடைசி 200 மீட்டரில்தான் யார் என்ன சாப்பிட்டு வளர்ந்தார்கள் என்பது தெரியும்.

நம் கிராமப்புறப் பள்ளிகளில் விளையாடும் பெண் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். ஒருத்தி நன்றாக ஓடினால் உடற்கல்வி ஆசிரியர் அவளை எல்லாவற்றிலும் இறக்கிவிடுவார். காலையில் 400 மீட்டர், பிறகு நீளம் தாண்டுதல், மாலையில் ரிலே. அடுத்த வாரம் கபடி அணியிலும் கோகோ அணியிலும் அவள்தான் இருப்பாள். குறுவட்டப் போட்டியில் தனிநபர் சாம்பியன் பட்டம் பெரும்பாலும் இப்படி ஒருத்திக்குத்தான் போகும். பல விளையாட்டு வீராங்கனை என்றால் அமெரிக்கப் பள்ளிகளில் தனிப் பெருமை. பருவத்துக்கு ஒரு விளையாட்டு, ஒவ்வொன்றுக்கும் தனிப் பயிற்றுநர், பின்னாலேயே பல்கலைக்கழக உதவித்தொகை. நம் ஊரில் அது பற்றாக்குறையின் பெயர். அணிக்கு ஆள் போதாது. இருக்கும் ஒரே ஷூவை மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஆனாலும் அந்தப் பற்றாக்குறைக்குள்ளேயே அந்தப் பெண்ணின் உடல் எதையும் செய்யும் என்ற நம்பிக்கை பிறக்கிறது. சேரியிலிருந்து வரும் ஒரு பெண்ணின் உடலை வேலை வாங்குவதற்கு இல்லாமல், கொண்டாடுவதற்காக ஒரு நிறுவனம் பார்ப்பது அநேகமாக அந்த ஐந்தாறு ஆண்டுகளில் மட்டும்தான். பத்தாம் வகுப்பு முடிந்ததும் பெரும்பாலானவர்கள் காணாமல் போகிறார்கள். பருத்திக் காட்டுக்கு, வெங்காயக் காட்டுக்கு, திருப்பூருக்கு, கல்யாணத்துக்கு.

சாந்தி காணாமல் போகவில்லை. புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி உதவித்தொகை தந்தது. அடுத்து சென்னைக் கல்லூரி. அவரும் ஒரே ஓட்டத்தோடு நின்றவரில்லை. 800, 1500 மீட்டர்களோடு தடை தாண்டி ஓடும் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸிலும் ஓடினார். 2005 ஜூலையில் பெங்களூரில் அதை 10 நிமிடம் 44.65 விநாடியில் முடித்தது அன்றைக்குத் தேசிய சாதனை. அதே ஆண்டு தென் கொரியாவின் இஞ்சியோனில் ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டருக்கு வெள்ளி. அந்தப் பதக்கத்தை யாரும் திரும்பக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு தோஹாவில் ஓடியதும் அதே கால்கள்தாம்.

தோஹாவில் நடந்தது ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு இல்லை என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் எதையும் உட்கொள்ளவில்லை, எதையும் மறைக்கவில்லை. பிறந்த உடலோடு ஓடினார். அந்த உடல் போதிய அளவு பெண்ணுடல் இல்லை என்று தீர்ப்பாயிற்று. மருத்துவ ரகசியமாக இருந்திருக்க வேண்டிய ஒன்று நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் ஓடியது.

இந்தப் பரிசோதனைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1966இல் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியத் தடகளப் போட்டியில் வீராங்கனைகள் மருத்துவர்கள் முன்னால் ஆடையின்றி நிற்க வேண்டியிருந்தது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் குரோமோசோம் சோதனை வந்தது. அறிவியலாளர்களின் எதிர்ப்பால் சர்வதேசத் தடகளக் கூட்டமைப்பு 1992இலும் ஒலிம்பிக் குழு 1999இலும் எல்லாருக்குமான கட்டாயச் சோதனையைக் கைவிட்டன. சந்தேகம் வந்தால் சோதிக்கலாம் என்ற வாசல் மட்டும் திறந்தே இருந்தது. அந்த வாசல் வழியாகத்தான் சாந்தி வெளியே தள்ளப்பட்டார்.

சந்தேகம் யார் மீது வரும்? சமூகவியல் வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி இது. நளினம், நிறம், தசை, குரல், ஆங்கிலம் பேசும் விதம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு பெண் பெண்ணாகத் தெரிகிறாள். சூளையில் மண் சுமந்த குடும்பத்துப் பெண் அந்தக் கண்ணாடியில் எப்படித் தெரிவாள்? ஸ்பெயினின் மரியா ஹோசே மார்டினெஸ் பட்டினோ 1985இல் இதே சோதனையில் விலக்கப்பட்டார். போராடி 1988இல் தகுதியைத் திரும்பப் பெற்றார். தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமென்யாவை 2009இல் பெர்லினில் சந்தேகித்தபோது அவர் நாடே அவருக்காகக் கொதித்தெழுந்தது. ஒடிசாவின் நெசவாளர் வீட்டுப் பெண் டூட்டி சந்த் 2014இல் தடுக்கப்பட்டபோது, இந்திய விளையாட்டு ஆணையம் அவர் பக்கம் நின்றது. 2015 ஜூலையில் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அந்த விதிகளை நிறுத்திவைத்தது. 2006இல் சாந்திக்கு அப்படி யாருமில்லை.

யாருமில்லை என்று சொல்லும்போது நம்மையும் சேர்த்தே சொல்கிறோம். அன்றைக்கு நம் மேடைகள் என்ன பேசிக்கொண்டிருந்தன? பாப்பாபட்டி, கீரிப்பட்டி பற்றிப் பேசினோம். பஞ்சமி நிலம் பற்றிப் பேசினோம். பேச வேண்டியவைதான். சாந்தியைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டோம். பாலினம் என்றதும் அது பெண்ணியவாதிகள் பார்த்துக்கொள்ள வேண்டிய விவகாரம் என்று ஒதுங்கினோம். இது சாதிப் பிரச்சினையா பாலினப் பிரச்சினையா என்று தேநீர்க்கடையில் வாதம் செய்தவர்களும் நம்மில் உண்டு. பிரித்துப் பார்க்க முடியாத ஒன்றைப் பிரித்துக் காட்டச் சொல்லி, அதுவரை காத்திருந்தோம்.

விளையாட்டில் சாதி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நம்மிடம் பழைய சாட்சி உண்டு. சமார் சமூகத்தில் பிறந்த பல்வாங்கர் பாலு 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை எடுத்தவர். பூனாவில் இந்து அணிக்காகப் பந்து வீசிவிட்டு வந்தால் அவருக்கு மட்டும் தேநீர் தனி மண் குவளையில், பெவிலியனுக்கு வெளியே. அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். அவர் குடித்த குவளையைத்தான் தொடவில்லை. இளம் வயதில் அம்பேத்கர் அவரைப் பெரிதும் மதித்தார். 1937 பம்பாய்த் தேர்தலில் அதே பாலு அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார் என்பது வேறு கதை. அதற்கு இன்னொரு சொற்பொழிவு வேண்டும். நாம் பார்க்க வேண்டியது, வெற்றியை எடுத்துக்கொண்டு வென்றவரை வெளியே நிறுத்தும் அந்தப் பழக்கத்தை. 2021 டோக்கியோவில் ஹாட்ரிக் கோல் அடித்த வந்தனா கட்டாரியாவின் வீட்டு முன்னால், இந்திய அணி அரையிறுதியில் தோற்ற அன்று, சாதிப் பெயர் சொல்லி வசைபாடி வெடி வெடித்தார்கள். அந்தப் பழக்கத்துக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது.

தோஹாவுக்குப் பிறகான ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பதக்கம் போன பின்னும் தமிழ்நாடு அரசு, முதல்வர் கலைஞரின் கையால், 15 லட்சம் ரூபாய் பரிசளித்தது. அன்றைய சூழலில் அது சின்னச் செயலில்லை. 2007இல் சாந்தி உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார். அதிலிருந்து எழுந்து புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். 2009இல் அவரிடம் 68 மாணவர்கள் இருந்தார்கள். கைப்பணம் கரைந்தது. 2012இல் தினக்கூலிக்குச் செங்கல் சூளையில் நின்ற அவர் படம் பத்திரிகைகளில் வந்தது. அதன் பிறகுதான் கதவுகள் கொஞ்சம் திறந்தன. பெங்களூரில் பயிற்றுநர் பட்டயப் படிப்பு முடித்தார். தாழ்த்தப்பட்டோருக்கான தேசிய ஆணையம் வரை அவருடைய வழக்கு போனது. 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்றுநர் ஆனார். பதக்கம் திரும்பவில்லை.

2025 செப்டம்பரிலிருந்து உலகத் தடகள அமைப்பு, பெண்கள் பிரிவில் உலகத் தரவரிசைப் போட்டிகளில் ஓடும் எல்லாருக்கும் ஒரு மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 1999இல் மூடிய கதவு வேறு பெயரில் திறந்திருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற இந்திய அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். நகரத்தின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட மக்களின் குடியிருப்பு அது. அவரைக் கொண்டாடினோம், சரிதான். கார்த்திகாவுக்கு முன்னால் அந்தத் தெருக்களில் விளையாடியவர்கள் யார், எந்த வகுப்பில் நின்றார்கள் என்று கேட்டோமா?

இந்தக் கேள்வியை நம் ஊருக்கும் கொண்டுவர வேண்டும். சாந்தியின் பதினான்கு கோப்பைகள் பற்றி நமக்குத் தெரியக் காரணம் தோஹா. தோஹா வரை போகாதவர்களின் கோப்பைகள் எங்கே? பள்ளிகளில் வெள்ளையடிக்கும்போது பழைய பரிசுப் பலகைகளைக் கழற்றி எறிகிறார்கள். உடற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றால் அவருடைய பதிவேடு எடைக்குப் போகிறது. சான்றிதழ் மட்டும் வீட்டில் எங்கேயோ டிரங்குப் பெட்டிக்குள், ரேஷன் அட்டைக்கும் சாதிச் சான்றிதழுக்கும் நடுவில், மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதை வாங்கியவர் இன்று நூறு நாள் வேலையில் மண்வெட்டியோடு நிற்கும் நம் அக்காவாக இருக்கலாம்.

ஆகவே மன்றத்தின் இளம் தோழர்களோடு பேசி ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறோம். குன்னம் வட்டத்தில் 1980க்குப் பிறகு பள்ளி விளையாட்டுகளில் பரிசு வாங்கிய பெண்களின் சான்றிதழ்களையும் குழுப் படங்களையும் படியெடுத்துச் சேர்ப்பது. அசலை யாரிடமும் வாங்க வேண்டாம். வாசலிலேயே கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என்ன விளையாட்டு, எந்த ஆண்டு, எந்த இடம் என்பதோடு இன்னும் இரண்டு கேட்க வேண்டும்: அன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டீர்கள், எந்த வகுப்போடு ஓடுவதை நிறுத்தினீர்கள். பெயரை வெளியிடலாமா என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை. வெளியே மேசையில் படிவங்கள் இருக்கின்றன.