கப்பல் புழு முதல் எழும்பூர் வரை

கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து எழும்பூரில் இறங்கும் நாஞ்சில் நாட்டுக்காரர்கள் பலருக்கு, அடுத்த வேலை பையைத் தூக்கிக்கொண்டு பூமிக்கடியில் இருக்கும் மெட்ரோ நிலையத்துக்குப் போவதுதான். கண்ணாடிக் கதவும் ஒளிரும் வழிகாட்டிப் பலகையும் குளுகுளு நடைமேடையும் பழகிப்போய்விட்டன. ஆனால் அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊரிலிருந்து கிளம்பி வந்தவை. எல்லாவற்றுக்கும் முன்னால் கிளம்பியது ஒரு புழு.

குளச்சலிலும் முட்டத்திலும் மர வள்ளம் வைத்திருந்தவர்களுக்கு அதன் குணம் தெரிந்திருக்கும். வெளியே பார்த்தால் சிறு ஓட்டை. உள்ளே பலகை சல்லடையாகியிருக்கும். புழு என்கிறோமே தவிர, அது சிப்பி இனம். தலையிலுள்ள ஓட்டால் மரத்தை அராவியபடி முன்னேறும். கடந்து வந்த துளையின் சுவரில் சுண்ணாம்புப் பூச்சு பூசிக்கொண்டே போகும். பிரான்ஸில் பிறந்து இங்கிலாந்தில் பொறியாளரான மார்க் புரூனலுக்கு இதில் ஒரு வழி தென்பட்டது. முன்னால் தோண்டு, பின்னால் உடனே சுவர் கட்டு. அதற்கான கருவிக்கு 1818-ல் காப்புரிமை வாங்கினார். 1825-ல் தேம்ஸ் ஆற்றுக்கடியில் வேலை தொடங்கியது. 36 அறைகள் கொண்ட இரும்புக் கூண்டு. அறைக்கு ஒரு தொழிலாளி. பலமுறை ஆறு உள்ளே புகுந்து ஆட்களைக் கொண்டுபோயிற்று. 1843-ல் திறந்தபோது, குதிரை வண்டி இறங்கச் சரிவுப்பாதை கட்டக் காசில்லை. நடந்து போகிறவர்களிடம் ஒரு பென்னி வாங்கினார்கள். வளைவுகளுக்குக் கீழே வியாபாரிகள் கடை போட்டு நினைவுப் பொருட்கள் விற்றார்கள். ரயில் அதில் ஓடியது 1869-ல்தான்.

அதற்குள் லண்டனில் வேறொரு முறை வந்துவிட்டது. சாலையைப் பிளந்து, தண்டவாளம் போட்டு, மேலே மூடிவிடுவது. உலகின் முதல் சுரங்க ரயில் 1863 ஜனவரி 10 அன்று அப்படித்தான் ஓடத் தொடங்கியது. நீராவி இன்ஜின், பாதையெல்லாம் புகை! 1890-ல் அங்கேயே மின்சார ரயில் ஆழத்துக்கு இறங்கியது. பிற ஊர்களுக்கும் ஆசை வந்தது. 1896-ல் புடாபெஸ்ட், 1897-ல் பாஸ்டன், 1900-ல் பாரிஸ்.

பாரிஸ் கற்றுத்தந்த பாடத்துக்கு விலை அதிகம். 1903 ஆகஸ்ட் 10 அன்று சுரங்கத்தில் ஒரு ரயில் தீப்பிடித்தது. பின்னால் வந்த ரயில் கூரோன் நிலையத்தில் நின்றது. இறங்கச் சொன்னபோது, டிக்கெட் காசைத் திருப்பித் தரும்படி பயணிகள் வாதாடினார்கள். அதற்குள் புகை சூழ்ந்தது, விளக்குகள் அணைந்தன. இருட்டில் வாசலே இல்லாத கோடியை நோக்கிப் பலர் ஓடினார்கள். மொத்தம் 84 பேர் இறந்தார்கள். அதன்பிறகுதான் விளக்குகளுக்கு ரயிலோடு சேராத தனி மின்பாதையும், ஒளிரும் வெளியேறும் வழிப் பலகையும் வந்தன. அந்தப் பலகையை நாம் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

நிலையத்தின் சுவர் வந்த வழி இத்தாலி. 1950-களின் கடைசியில் மிலான் நகரில், குறுகலாக ஆழப் பள்ளம் தோண்டி, அதன் பக்கங்கள் சரியாமலிருக்க பென்டோனைட் என்ற களிமண் கரைசலை நிரப்பினார்கள். கம்பிக் கூட்டை உள்ளே இறக்கி, குழாய் வழியாக அடியிலிருந்து கான்கிரீட் ஊற்ற, கரைசல் மேலே வந்துவிடும். இப்படிச் சுவர் எழுப்பி, முதலில் கூரையைப் போட்டுச் சாலையைத் திறந்துவிட்டு, பிறகு கீழ்நோக்கித் தோண்டிக்கொண்டே போகலாம். நெரிசலான ஊருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது என்றே எனக்குப் படுகிறது.

நடைமேடைக் கதவின் கதை 1961-ல் லெனின்கிராடில் தொடங்குகிறது. 1987-ல் சிங்கப்பூர் அதே யோசனையைக் கண்ணாடியில் செய்தது. குளிர்காற்று சுரங்கத்துக்குள் வீணாகாமல் தடுக்க அந்த வெப்ப ஊருக்கு அது தேவைப்பட்டது. சிங்கப்பூர் ரயில்களில் ஒலிக்கும் அறிவிப்புகளில் தமிழும் உண்டு. சென்னை மண்ணுக்கடியில் ரயில் ஓடுவதற்கு முன்பே தமிழ் சுரங்க ரயில் ஏறிவிட்டது!

நாகர்கோவிலுக்கு ரயிலே 1979-ல்தான் வந்தது. ஐந்து ஆண்டு கழித்து, 1984 அக்டோபர் 24 அன்று, கொல்கத்தாவில் இந்தியாவின் முதல் சுரங்க ரயில் ஓடியது. சென்னையின் முறை வந்தபோது மாஸ்கோ, ஷாங்காய் நிறுவனங்களும் கூட்டுச் சேர்ந்தன. புரூனலின் கூண்டுக்குப் பேரன் முறையான ராட்சத இயந்திரங்கள் மண்ணைக் குடைந்தன. 2017 ஏப்ரல் 9 அன்று அண்ணா சாலையில் திடீரென்று விழுந்த பள்ளத்தில் ஒரு மாநகரப் பேருந்தும் காரும் சிக்கின. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அடுத்த மாதம் திருமங்கலம் – நேரு பூங்கா சுரங்கப் பாதை திறந்தது. 2018 மே 25 முதல் எழும்பூரும் சென்ட்ரலும் மண்ணுக்கடியில் இணைந்தன.

இரண்டாம் கட்டத்தில் 118.9 கிலோமீட்டருக்கு வேலை நடக்கிறது. 2022 அக்டோபரில் மாதவரத்தில் முதலில் இறங்கிய இயந்திரத்துக்கு நீலகிரி என்று பெயர், இன்னொன்று ஆனைமலை. நம் மருந்துவாழ்மலை வரை நீளும் மலைத்தொடரிலிருந்துதான் இந்த இரண்டுக்கும் பெயர் எடுத்திருக்கிறார்கள்.