இடைக்கோடுகளை யார் திருத்தினார்கள்?

ஆங்கில இலக்கணப் புத்தகங்களில் நிறுத்தற்குறிகள் கடைசி அத்தியாயம். எழுதி முடித்ததைச் சுற்றிப் போடுகிற வேலி மாதிரி. அது அர்த்தத்தின் மீதான அதிகாரம் என்பதற்கு எமிலி டிக்கின்சனின் பிரதிகளுக்கு நேர்ந்ததே போதும்.

1866 பிப்ரவரியில் ஸ்பிரிங்ஃபீல்டு நாளிதழொன்றில் பாம்பைப் பற்றிய அவரது கவிதை பெயரில்லாமல் வெளிவந்தது. மூன்றாம் வரியின் முடிவில் ஒரு கேள்விக்குறி. அது தன்னிடமிருந்து பறிக்கப்பட்ட கவிதை என்றும், மூன்றாவதும் நான்காவதும் ஒன்றாக ஓடவேண்டிய வரிகள், குறி அதைக் கெடுத்துவிட்டது என்றும் விமர்சகர் ஹிக்கின்சனுக்கு எழுதினார். பறித்ததற்கும் குறிக்கும் ஒரே புகார்!

இதே ஹிக்கின்சன்தான், டிக்கின்சன் 1886இல் இறந்தபின், மேபல் லூமிஸ் டாடுடன் சேர்ந்து 1890இல் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தார். இடைக்கோடுகள் காற்புள்ளியாகவும் அரைப்புள்ளியாகவும் மாறின. நடுவரியின் பெரிய எழுத்துகள் சிறுத்தன. தலைப்புகள் முளைத்தன. புத்தகம் நன்றாக விற்றது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது சொற்கள் பட்ட பாடு. அவர் கையால் தைத்துவைத்த ஏடுகளில் பல இடங்களில் ஒரு சொல்லருகே சிறு கூட்டல் குறி இருக்கிறது. பக்கத்தின் அடியில் அதற்கு மாற்றாக ஒன்றிரண்டு சொற்கள். பெயரடையாகவும் இருக்கும், வினையாகவும் இருக்கும். பெரும்பாலும் எதையும் அடித்துவிடவில்லை. 'பொருத்தமான வருணனைச் சொல்லைத் தேர்ந்தெடு' என்கிற வகுப்பறைக் கட்டளைக்கு அவர் பணியவே இல்லை. தேர்வு நடந்தது அவர் இறந்தபிறகு, வேறு மேசையில். அச்சுப் பக்கத்தில் ஒரு சொல்லுக்குத்தானே இடம்?

1955இல் தாமஸ் ஜான்சனின் மூன்று தொகுதிகளில் இடைக்கோடுகள் திரும்பின; மாற்றுச் சொற்களும் அடியில் வந்தன. ஆனால் கோடுகளெல்லாம் ஒரே நீளம். கையெழுத்தில் சில புள்ளியளவு, சில மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் சாய்ந்தவை. அந்தச் சாய்வு குரலின் ஏற்ற இறக்கம் என்று 1971இல் எடித் வைல்டர் வாதிட்டார். என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. 19 முட்டை போடும் கறுப்பு கேக்குக்கான அவரது சமையல் குறிப்பிலும் இதே கோடுகள்தானே! என்றாலும், குரல் இல்லையென்றால் அலங்காரம் என்று தள்ளிவிடவும் முடியாது. பறித்ததாக அவர் சொன்னது ஒரு குறியை முன்வைத்துத்தான்.

1998இல் ஃபிராங்ளின் 1,789 கவிதைகளைப் பதிப்பித்தார். கோடு இன்னும் குட்டையானது. சாய்வு அதிலும் இல்லை.