கட்டணம் இல்லாத பாடசாலையும் பஸ் காசு இல்லாத பிள்ளையும்



உயர்தரப் பெறுபேறுகள் வந்த நாளிலிருந்து எமது ஊரில் ஒரு நல்ல பேச்சு நடக்கிறது. ஊர்த் தனவந்தர்களும் வெளிநாட்டில் உழைக்கும் சகோதரர்களும் மாதாமாதம் செலவைப் பொறுப்பேற்றுப் படிக்க வைத்த பிள்ளைகள் உயர்தரத்தை நல்லபடியாக முடித்திருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். அவர்களுக்கு ஒரு பாராட்டு விழா வைக்க வேண்டும் என்று பலரும் சொல்கிறார்கள். ஆசிரியர்களாகிய நாங்களும் அதை மனதார வரவேற்கிறோம்.

ஆனால் இதே நேரத்தில் இன்னொரு கேள்வியும் காதில் விழுகிறது. "கல்விதான் இலவசமாச்சே, புத்தகமும் சும்மா, உடுப்பும் சும்மா, பிறகு எதற்கு ஸ்பொன்சர்?" இது நியாயமாகத் தோன்றும் கேள்வி. இதற்குப் பதில் நமது சமூகத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. விழாவுக்கு முன் அதை ஒரு தடவை ஞாபகப்படுத்திக் கொள்வோம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் மிஷனரிப் பாடசாலைகளின் கையில் இருந்தது. பிள்ளைகளை அங்கே அனுப்பினால் மார்க்கம் போய்விடும் என்று நமது முன்னோர் பயந்தார்கள். அந்தப் பயத்தில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் அதன் விலை பெரிதாக இருந்தது. மற்றச் சமூகங்களில் வழக்கறிஞர்களும் வைத்தியர்களும் அரச உத்தியோகத்தர்களும் உருவாகிக் கொண்டிருந்தபோது நாம் கடையோடும் வயலோடும் கடலோடும் நின்றுவிட்டோம்.

இந்த நிலையை மாற்ற முன்வந்தவர் கண்டியில் பிறந்த மர்ஹூம் அறிஞர் எம்.சி. சித்திலெப்பை (1838-1898). தொழிலால் வழக்கறிஞர். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, மார்க்கத்தை விடாமலே நவீன கல்வியைக் கற்கலாம், அதற்கு நமக்கென்று பாடசாலைகள் வேண்டும் என்று திரும்பத் திரும்ப எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. 1884இல் கொழும்பில் ஒரு பாடசாலையை ஆரம்பித்தார். போதிய ஆதரவில்லாமல் அது நீடிக்கவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை. எகிப்திலிருந்து இங்கே நாடு கடத்தப்பட்டிருந்த ஒறாபி பாஷாவின் ஊக்கத்தோடும், கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரைக்காரின் துணையோடும் 1892இல் மருதானையில் மத்ரஸதுஸ் ஸாஹிரா தொடங்கியது. இன்றைய ஸாஹிராக் கல்லூரி அதுதான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒருவருக்கு அறிவும் பேனாவும் இருந்தது, இன்னொருவருக்குக் கட்டடக் கலையும் பொருளும் இருந்தது, மூன்றாமவருக்கு மக்கள் மத்தியில் மதிப்பு இருந்தது. மூன்றும் சேர்ந்தபோதுதான் ஒரு பாடசாலை எழுந்தது. தனியே காசு மட்டும் ஒரு சமூகத்தைப் படிக்க வைத்ததில்லை, காசில்லாமலும் அது நடந்ததில்லை.

பாடசாலை வந்துவிட்டது. ஆனால் அதன் வாசலுக்கு யார் வந்தார்கள்? கொழும்பிலும் பெரிய பட்டினங்களிலும் இருந்த வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே பெரும்பாலும் வந்தார்கள். கிழக்கில் வயல் செய்பவரின் பிள்ளைக்கும், மேற்குக் கரையில் மீன் பிடிப்பவரின் பிள்ளைக்கும் அது எட்டாத தூரம். இந்தத் தூரத்தைத் தன் கண்ணால் கண்டவர் மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ்.

1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர் அஸீஸ். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்தார். பின்னர் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு பயின்று, அரச புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றார். 1935இல் இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதலாவது முஸ்லிம் அவர்தான். அதாவது, அவரே ஒரு புலமைப்பரிசில் பிள்ளை.

இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1942இல், உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காக அவரைக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பினார்கள். காடு வெட்டி நிலம் திருத்தி நெல் விளைவிப்பதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அதை அவர் எவ்வளவு நன்றாகச் செய்தார் என்பதற்கு, மக்கள் ஒரு வயல் வெளிக்கு 'அஸீஸ் துரைக் கண்டம்' என்று பெயர் வைத்ததே சாட்சி. ஆனால் வயலைப் பார்க்கப் போனவர் வயலில் நின்ற பிள்ளைகளையும் பார்த்தார். படிக்கக்கூடிய பிள்ளைகள் வறுமையால் இடையில் நின்றுவிடுவதைக் கண்டார். அதே 1942இல் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் உருவானது. அந்த அனுபவத்திலிருந்துதான் 1945இல் நாடு முழுவதற்குமான இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியம் பிறந்தது. நாடளாவிய அந்த நிதியத்துக்கு முன்னோடி நமது கிழக்கு மண் என்பதை நமது பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

இப்போது அந்த ஆண்டைக் கவனியுங்கள். 1945. கலாநிதி சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்ததும் 1945 ஒக்டோபர் மாதத்தில்தான். பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை என்று அரசு சொன்ன அதே ஆண்டில் நமது சமூகம் புலமைப்பரிசில் நிதியம் ஒன்றைத் தொடங்கியது. ஒன்று வந்ததால் மற்றது தேவையற்றுப் போகவில்லை. இரண்டும் பக்கம் பக்கமாக நின்று வேலை செய்தன.

ஏன்? அரசு நீக்கியது பாடசாலைக் கட்டணத்தை. ஒரு பிள்ளை படிப்பதற்கான செலவில் கட்டணம் ஒரு பங்குதான். தூர இடத்தில் தங்குவதற்கான செலவு, போக்குவரத்து, சாப்பாடு என்று மற்றவை அப்படியே இருந்தன. எல்லாவற்றையும் விடப் பெரியது, அந்தப் பிள்ளை வேலைக்குப் போயிருந்தால் வீட்டுக்கு வந்திருக்கக்கூடிய கூலி. இந்தக் கடைசிச் செலவை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுதுவதில்லை. ஆனால் ஏழை வீட்டில் அதைத்தான் முதலில் கணக்குப் பார்ப்பார்கள்.

கன்னங்கராவும் இதை அறியாதவர் அல்லர். கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகளைத் திறந்து, ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலில் சித்தியடைந்த பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்க வழி செய்தார். இலவசக் கல்வியின் தந்தையே புலமைப்பரிசிலையும் சேர்த்துத்தான் கொண்டு வந்தார். அதற்குப் பிறகும் ஒவ்வொரு படியாகச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். 1980இல் இலவசப் பாடநூல், 1993இல் இலவசச் சீருடை. பல்கலைக்கழக மாணவர்களுக்காக 1981இல் மஹாபொல நிதியம். இலவசக் கல்வி ஒரே நாளில் முழுமையாகி விடவில்லை, இன்றும் முழுமையாகவில்லை என்பதற்கு இந்த ஆண்டுகளே சாட்சி.

நமது பிரதேசத்தின் கதையில் இன்னும் சில பக்கங்கள் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நமது சகோதரர்கள் உடுத்த உடுப்போடு புத்தளம் வந்து சேர்ந்தார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் நமது கரையோர ஊர்களை அடித்துச் சென்றது. உம்மாவையோ வாப்பாவையோ, சிலர் இருவரையுமோ இழந்த பிள்ளைகள் அடுத்த தவணைக்குப் பாடசாலைக்கு வந்தார்கள் என்றால், யாரோ ஒருவர் "இந்தப் பிள்ளை என் பொறுப்பு" என்று சொன்னதால்தான். இன்னார் வீட்டுப் பிள்ளையின் செலவை இன்னார் பார்க்கிறார் என்ற ஏற்பாடு நமது ஊர்களில் வலுப்பெற்றது இப்படியான துயரங்களின் மத்தியில்தான்.

இன்னொரு பக்கம் சந்தோசமானது. 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி அட்டாளைச்சேனை ஆசிரிய கலாசாலை வளாகத்தில் தொடங்கி, 1996இல் முழுமையான பல்கலைக்கழகமாகி ஒலுவிலில் நிலைகொண்டது. கலாசாலையில் படித்து வந்த எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு இதில் ஒரு தனிப் பெருமை. ஆசிரியர்களை உருவாக்கிய மண்ணிலேயே ஒரு பல்கலைக்கழகமும் முளைத்தது. தூர இடம் அனுப்பப் பயந்த எத்தனையோ குடும்பங்களின் பெண் பிள்ளைகள் அதன் பின்னர்தான் பட்டதாரிகளானார்கள்.

சரி, இன்றைய நிலை என்ன? வகுப்பறையில் நாங்கள் காண்பதைச் சொல்கிறோம். வேளாண்மை வெட்டுக் காலம் வந்தால் சில மேசைகள் வெறுமையாகி விடும். சந்தை நாளில் ஒரு பிள்ளை வராது. விசாரித்தால் மாமாவின் கடையில் நிற்கும். விஞ்ஞானப் பிரிவு கிடைத்தும் "எனக்குக் கலைப் பிரிவு போதும் சேர்" என்று சொல்லும் பிள்ளைக்குப் பாடம் கஷ்டம் என்பதல்ல காரணம். டியூசன் காசு, பக்கத்து நகரத்துக்குப் பஸ் காசு, போட்டோ கொப்பிக் காசு எல்லாவற்றையும் அந்தப் பிள்ளை ஏற்கனவே மனதுக்குள் கூட்டிப் பார்த்து முடித்துவிட்டது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஒரு கொப்பியின் விலைகூட வீட்டில் பேச்சாகிவிட்டது. "பிறகு எதற்கு ஸ்பொன்சர்?" என்பதற்கான பதில் இதுதான். பாடசாலை இலவசம், பாடசாலைக்கு வந்து சேர்வது இலவசமல்ல.

ஆகவே இந்தப் பிள்ளைகளின் சித்தியைக் கொண்டாடுவோம். எப்படிக் கொண்டாடுவது என்பதில் மட்டும் எங்களுக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு.

முதலாவது, மேடையில் ஏற்ற வேண்டியது பெறுபேற்றை, வறுமையை அல்ல. கையில் கடித உறையோடு பிள்ளையை நிறுத்திப் படம் எடுத்து, "இந்த ஏழை மாணவிக்கு உதவிய" என்று எழுதி முகநூலில் போடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அந்தப் படம் அழியாது. நாளை அந்தப் பிள்ளை ஒரு வைத்தியராக வந்து நிற்கும்போதும் அது எங்கோ கிடக்கும். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியாமல் கொடுப்பதன் சிறப்பை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்தியடைந்த எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் அழைப்போம். யாருடைய செலவை யார் பார்த்தார் என்பது அவர்களுக்கும் அல்லாஹ்வுக்கும் தெரிந்தால் போதும்.

இரண்டாவது, உதவி பெறுபேற்றோடு நிற்கக் கூடாது. உயர்தரப் பரீட்சை முடிந்து வெட்டுப்புள்ளி வந்து பல்கலைக்கழக வாசலில் காலடி வைப்பதற்குள் ஒரு வருடம், சில நேரம் அதற்கும் மேல் போய்விடுகிறது. 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சையே 2023 ஜனவரியில்தான் ஆரம்பமானது என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "பரீட்சை முடிந்ததுதானே" என்று மாதாந்த உதவி நிற்பதும் இந்த இடைவெளியில்தான். ஆண் பிள்ளை கடைக்குப் போகிறான், கட்டார் பயணத்துக்குப் பாஸ்போட் எடுக்கிறான். பெண் பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு வருகிறது. பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வரும்போது சிலருடைய வாழ்க்கை வேறு பாதையில் வெகுதூரம் போயிருக்கிறது. இத்தனை வருடம் கொடுத்தவர்கள் இன்னும் ஒரு வருடம் கொடுத்தால் இதுவரை கொடுத்தது வீண் போகாது. மஹாபொல கிடைத்தாலும் முதல் கொடுப்பனவு கைக்கு வரும் வரை தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் யாராவது கைகொடுக்க வேண்டும்.

மூன்றாவது, பல்கலைக்கழகம் கிடைத்தவர்களை மட்டும் அழைத்தால் விழா பாதிதான். நமது நாட்டில் திறமை அடிப்படையில் 40 வீதமும், மாவட்ட அடிப்படையில் 55 வீதமும், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதமுமாக இடங்கள் பங்கிடப்படுகின்றன. அதனால் சித்தியடைந்தும் இடம் கிடைக்காத பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இருப்பார்கள். அவர்கள் தோற்றவர்கள் அல்லர். கல்வியியற் கல்லூரி இருக்கிறது, தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, தாதியர் பயிற்சி இருக்கிறது. அந்த விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பதும், நேர்முகப் பரீட்சைக்குப் போய்வர வழி செய்வதும் ஒரு ஸ்பொன்சர்தான். அதற்குப் பெரிய காசு தேவையில்லை. ஆசிரியர்களாகிய நாங்கள் அந்த வேலையைப் பொறுப்பேற்கத் தயார்.

கடைசியாக, பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் யாருக்கும் கூனிக் குறுகி நிற்க வேண்டியவர்கள் அல்லர். உங்களுக்குக் கிடைத்தது பிச்சையல்ல, 1892இலும் 1942இலும் 1945இலும் உங்களுக்கு முந்தியவர்கள் தொடங்கி வைத்த ஒரு ஏற்பாட்டின் பங்கு. அஸீஸ் தான் பெற்ற புலமைப்பரிசிலை அதைத் தந்தவர்களிடம் திருப்பிக் கொடுக்கவில்லை, கல்முனைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். நீங்களும் உழைக்கத் தொடங்கிய பிறகு உங்களுக்குத் தந்தவரைத் தேடிப் போகத் தேவையில்லை. உங்கள் ஊரில் அடுத்த வரிசையில் நிற்கும் பிள்ளையைத் தேடுங்கள்.

உதவிய கைகளுக்கும், உழைத்த பிள்ளைகளுக்கும், அவர்களை நம்பிக் காத்திருந்த உம்மாமார் வாப்பாமாருக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

இந்த வருடம் உயர்தரம் எழுதிவிட்டு வழி தெரியாமல் வீட்டில் இருக்கும் பிள்ளை எவரும் உங்கள் தெருவில் இருந்தால், பெயரை இங்கே எழுத வேண்டாம். பாடசாலையில் எங்களில் ஒருவரிடம் நேரில் வந்து சொல்லுங்கள்.