சத்தமில்லாத ராக்கெட்டைப் பிடித்த ரேடியோ தொலைநோக்கி

மஃரிப் தொழுதுவிட்டு வெளியே வரும்போது, நட்சத்திரம் போன்ற ஒரு புள்ளி வானில் சீராக நகர்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். விளக்கு மினுக்கவில்லை என்றால் அது பெரும்பாலும் செயற்கைக்கோள்தான். நமக்கு இருட்டிவிட்டாலும், சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் அதன் மீது வெயில் பட்டுக்கொண்டிருக்கும். பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. மேகம் மூடினாலும் தெரியாது. ரேடியோ அலைக்கு இவை இரண்டுமே தடையில்லை.

1957 அக்டோபர் 4-ல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியது. 58 சென்டிமீட்டர் விட்டமுள்ள அந்த உருண்டை அனுப்பிய 'பீப் பீப்' ஒலியை வீட்டில் ரேடியோ கருவி வைத்திருந்த ஆர்வலர்கள்கூடக் கேட்டார்கள். ஆனால் அதைச் சுமந்து சென்ற ராக்கெட்டின் பெரிய பகுதியும் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. அது சத்தம் எதுவும் போடவில்லை. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையாக உருவாக்கப்பட்ட ராக்கெட் அது என்பதால், மேற்கு நாடுகளின் கவலை உருண்டையைவிட இதன் மீதே இருந்தது.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜோட்ரெல் பேங்க் ஆய்வகத்தில், 76 மீட்டர் அகலமுள்ள ரேடியோ தொலைநோக்கி அப்போதுதான் தயாராகியிருந்தது. பழைய போர்க்கப்பல்களின் பீரங்கி மேடையிலிருந்து கழற்றிய பற்சக்கரங்களைப் போட்டு அதைத் திருப்பினார்கள். செலவு மதிப்பீட்டைத் தாண்டி, பெருங்கடன் ஏறியிருந்தது. அதைக் கட்டிய பெர்னார்ட் லவல் சிறைக்குப் போக நேருமோ என்று அஞ்சும் அளவுக்கு நிலைமை இருந்தது.

அக்டோபர் 12, நள்ளிரவுக்குச் சற்று முன், அந்தத் தொலைநோக்கி ரேடார் மூலம் ராக்கெட்டைக் கண்டுபிடித்தது. அலையை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை அளப்பதே முறை. 1,500 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள பொருளிலிருந்து எதிரொலி வர நொடியில் நூறில் ஒரு பங்குதான் ஆகும்.

கணக்கு எளிது, பிடிப்பதுதான் கடினம். நட்சத்திரங்கள் அவசரப்படுவதில்லை. ரக்கா நகரில் சுமார் 40 ஆண்டுகள் வானத்தை அளந்த அல்பத்தானிக்கு அந்த அவகாசம் இருந்தது. தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோளோ சுமார் 10 நிமிடத்தில் நம் வானத்தைக் கடந்துவிடும். (நம் மொட்டை மாடி டிவி டிஷ் அசையாமல் இருப்பதற்குக் காரணம், அதன் செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்தே சுற்றுவதுதான்.) எனவே பாதையை முன்கூட்டியே கணித்து, அது வரப்போகும் இடத்தில் டிஷ்ஷைத் திருப்பிக் காத்திருப்பது ஒரு வழி.

அந்த இரவுக்குப் பிறகு தொலைநோக்கிக்குப் பெயர் கிடைத்தது. கடன் முழுதும் தீர 1960 ஆனது.

இன்று நிலைமை தலைகீழ். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களின் மின்னணுக் கருவிகளிலிருந்து ரேடியோ அலைகள் கசிவதை நெதர்லாந்தை மையமாகக் கொண்ட லோஃபார் தொலைநோக்கி மூலம் கண்டறிந்து, 2023-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அன்று தேடிப் பிடித்தவற்றை இப்போது விலக்கிவிட்டு வானத்தைக் கேட்பதற்காகவே அவை போகும் பாதையைக் கணக்கிட வேண்டியிருக்கிறது.